ட்ரெக்கிங் சாமான் எடை போட எந்தத் தராசு வாங்கலாம்?

பெங்களூரு கம்மனஹள்ளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: அக்டோபரில் உத்தராகண்ட் பக்கம் ஒரு வார ட்ரெக், கூடாரம் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தானே சுமக்கப் போகிறார், தண்ணீரும் சாப்பாடும் சேர்க்காமல் பையை எட்டு ஒன்பது கிலோவுக்குள் அடக்க வேண்டும். சாமான்களை ஒவ்வொன்றாக எடை போட ஒரு தராசு வாங்கலாம் என்று பார்த்தால், கொக்கி மாட்டித் தூக்குகிற லக்கேஜ் தராசு, சமையலறைத் தராசு, நகைத் தராசு என்று மூன்று வகை கண்ணில் படுகிறது, வீட்டில் ஏற்கெனவே ஆள் ஏறி நிற்கிற மெஷின் ஒன்றும் இருக்கிறது, எதை எடுப்பது?

சமையலறைத் தராசை எடுங்கள். மேலே தட்டையான தட்டு, ஒரு கிராம் வித்தியாசம் வரை காட்ட வேண்டும், குறைந்தது ஐந்து கிலோ தாங்க வேண்டும். நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விமானத்தில் போகிறீர்கள் என்றால் இரண்டாவதாக ஒரு கொக்கித் தராசும் வாங்கிக்கொள்ளலாம். நகைத் தராசு வேண்டாம். இதே ஊர் பீன்யாவில் எடைக்கருவிகளைச் சரிபார்த்து அரசு முத்திரைக்கு அனுப்புகிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், மலை ஏறுவதும் உண்டு, அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்ன எடை போடப் போகிறீர்கள் என்று பாருங்கள். கூடாரம் இரண்டு கிலோ அளவில் இருக்கும், ஸ்லீப்பிங் பேக் ஒன்று ஒன்றரை, வெறும் பை ஒன்றரை முதல் இரண்டு. பெரிய உருப்படிகள் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சின்னச் சின்ன சாமான்: ஹெட்லைட், சார்ஜர் ஒயர், ஸ்பூன், மருந்துப் பொட்டலம், சோப்பு, கயிறு, கூடுதல் சாக்ஸ். பையில் இருக்கிற உருப்படிகளில் பாதிக்கு மேல் நூறு கிராமுக்குக் கீழேதான் இருக்கும். கொக்கித் தராசு பெரும்பாலும் 10 கிராம் ஏற்றத்தில், அதாவது 10, 20, 30 என்று தாவித்தான் காட்டும், கொஞ்சம் நல்லது 5 கிராமில் காட்டும். ஆனால் ரொம்பக் குறைந்த எடையை அது கண்டுகொள்வதே இல்லை. ஒரு ஸ்பூனை மாட்டினால் பூஜ்யத்திலேயே நிற்கும்.

கூட்டுத்தொகை பெரிதாகத் தப்பிவிடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தத் தொல்லை குறைவு. நாற்பது சாமானை 10 கிராம் ஏற்றத்தில் எடை போட்டால் ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம் வரை முன்பின் போகும், ஆனால் சிலது கூடும், சிலது குறையும், மொத்தத்தில் வழக்கமாக இருபது கிராம் போலத்தான் தள்ளி நிற்கும். பிரச்சினை முடிவெடுக்கும் இடத்தில் வருகிறது. வீட்டு எவர்சில்வர் ஸ்பூனா, பிளாஸ்டிக் ஸ்பூனா, இந்தப் பௌச்சா அந்த ஜிப்லாக் கவரா, பேட்டரி மாற்றுகிற டார்ச்சா சார்ஜ் போடுகிற டார்ச்சா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் தராசே வாங்குகிறோம். அந்த வித்தியாசம் பத்து இருபது கிராம்தான் இருக்கும், 10 கிராம் ஏற்றத்தில் காட்டுகிற தராசால் அதைத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒரு கிராம் தராசு சொல்லும். அதற்கு மேல் புள்ளி வைத்துக் காட்டுகிற நகைத் தராசு உங்களுக்கு எதையும் கூடுதலாகச் சொல்லப் போவதில்லை, போதாக்குறைக்கு அதில் பெரும்பாலானவை 200 கிராம் அல்லது 500 கிராமோடு நின்றுவிடும், ஜாக்கெட்டைக்கூட வைக்க முடியாது.

திரையில் எத்தனை இலக்கம் வருகிறது என்பதை வைத்துத் தராசை எடை போடாதீர்கள். உள்ளே லோட் செல் என்று ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கிறது, நடுவில் துளை போட்டு ஓரத்தை மெலிதாக்கியிருப்பார்கள், அந்த மெலிந்த இடத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் என்கிற உலோகப் படலம் ஒட்டியிருக்கும். தட்டில் சாமானை வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், படலம் இழுபடும், அதன் மின்தடை மாறும், சிப் அந்த மாற்றத்தைக் கிராமாக மாற்றிக் காட்டும். எனவே அந்தக் கட்டை ஒழுங்காக இருக்கிறதா, படலம் சரியாக ஒட்டியிருக்கிறதா, தட்டு அதன் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பெட்டியில் அச்சடித்திருக்க மாட்டார்கள். நாமே சோதிக்க வேண்டும், அதற்கு லேப் எதுவும் தேவையில்லை.

பத்து ரூபாய் நாணயம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் வந்த தானியக் கதிர் போட்ட நாணயம் 7.74 கிராம், அதற்கு முந்தையது 7.71. எந்த வகை கலந்திருந்தாலும் பத்து நாணயம் 77.1 முதல் 77.4 கிராமுக்குள் வரும், ஆக ஒரு கிராம் தராசு 77 என்று காட்ட வேண்டும். தேய்ந்த, அழுக்கேறிய காசாக இருந்தால் 76, 78 வரை விட்டுவிடலாம். 74 என்றோ 81 என்றோ காட்டினால் வாங்காதீர்கள். எஸ்.பி. ரோடு, சிக்பேட்டை பக்கம் நேரில் போய் வாங்குவதாக இருந்தால் இந்தப் பத்துக் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

அடுத்தது மூலைச் சோதனை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தட்டின் நடுவில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நான்கு ஓரத்திலும் தள்ளி வைத்துப் பாருங்கள். ஓரிரு கிராம் மாறினால் சரி. ஐந்து ஆறு கிராம் மாறுகிறது என்றால் தட்டோ கட்டையோ கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கூடாரம் மாதிரி ஒரு பக்கம் கனமாகத் தொங்குகிற சாமானில் இந்தக் கோளாறு நிச்சயம் தலைகாட்டும். அப்புறம் ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான்: இரண்டு பாட்டிலைத் தனித்தனியாக எடை போடுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து வையுங்கள். தனித்தனி எடைகளின் கூட்டலும் சேர்த்து வைத்த எடையும் ஒத்துப்போக வேண்டும். எந்த எடைக்கல்லும் இல்லாமலே, எடை ஏற ஏறத் தராசு ஒரே சீராகப் போகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். மூன்று நான்கு லிட்டர் வரை இப்படி ஏற்றிப் பாருங்கள், கூடாரமும் பையும் அதற்குள்ளேதான் வரும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதை வைத்தே சரிபார்க்கலாமே என்று பலர் சொல்வார்கள். தண்ணீர் மேல் குற்றமில்லை, நம்ம ஊர் அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் 997 கிராம் வரும். சரியாக ஒரு லிட்டர் அளந்து ஊற்ற நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சமையலறை அளவுக் குவளையின் கோடு பத்து இருபது மில்லி சுலபமாகத் தள்ளி இருக்கும். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் அப்படித்தான், அந்த ஒரு கிலோ உள்ளே இருக்கும் உப்புக்கு மட்டும், கவர் தனி, அதோடு ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவதைச் சட்டமே ஏற்கிறது. அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கிற எண்ணை நம்பாதீர்கள், பாக்கெட்டை மட்டும் பயன்படுத்துங்கள். தெரிந்த மளிகைக் கடையில் உப்பு வாங்கும்போது, “அண்ணாச்சி, இதை ஒரு தடவை மெஷின்ல வைங்களேன்” என்று கேட்டு, வருகிற எடையைப் பாக்கெட் மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து உங்கள் தராசில் வையுங்கள். கடைத் தராசை ஆண்டுதோறும் எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரை போட வேண்டும் என்பது சட்டம், ஓரத்தில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருடையது 5 கிராம் ஏற்றத்தில் காட்டுகிற தராசாக இருக்கலாம், ஆனாலும் உங்கள் தராசு இருபது கிராம் தள்ளி நிற்கிறதா என்று கண்டுபிடிக்க அது போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எம்1 என்கிற துல்லிய வகுப்பைச் சேர்ந்த எடைக்கல் ஒரு கிலோ வாங்கலாம், அதில் அனுமதிக்கிற பிழை 50 மில்லிகிராம்தான். ஒரு ட்ரெக்குக்காக அது அதிகம், நாலு பேர் சேர்ந்து வாங்கினால் சரி.

ஒரு சதவீதம் தப்பான தராசு என்ன செய்யும் என்று கேட்டால், ஒன்பது கிலோ பையில் 90 கிராம் பொய் சொல்லும். அது எல்லாச் சாமானிலும் ஒரே பக்கமாகத் தப்பு செய்வதால் இந்தப் பிழை கூட்டலில் அடிபட்டுப் போகாது. ஆனால் இந்த ஸ்பூனா அந்த ஸ்பூனா என்கிற ஒப்பீட்டை அது கெடுக்காது. இதனால்தான் தராசில் நான் முதலில் பார்ப்பது, ஒரே சாமானை ஐந்து தடவை தூக்கித் தூக்கி வைத்தால் ஐந்து தடவையும் ஒரே எண் வருகிறதா என்பதை. அது வருகிறது என்றால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம். இடத்துக்கு இடம் புவியீர்ப்பு மாறுவதும் தராசில் தெரியும், டெல்லியில் சரிபார்த்த தராசை பெங்களூருக்குக் கொண்டுவந்தால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் குறைத்துக் காட்டும். பையின் எடைக்கு இதெல்லாம் பொருட்டில்லை.

வீட்டில் எங்கே வைத்து எடை போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கிரானைட் மேடை, மொசைக் தரை நல்லது. பாய், கார்பெட், மெத்தை மேல் வைத்தால் கால்கள் அமுங்கி எண் ஆடும். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றடைத்த ஸ்லீப்பிங் மேட், விரித்த ஜாக்கெட் போன்ற அகலமான லேசான சாமானை ஃபேன் காற்று கீழே அழுத்தும், கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். இரண்டு மூன்று கிராம் சாமானை நேராக வெறும் தட்டில் வைத்தால் சில தராசுகள் பூஜ்யத்தையே காட்டும், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சின்ன ஆட்டத்தையெல்லாம் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிற மாதிரி சிப்பில் எழுதியிருப்பார்கள். முதலில் ஒரு டம்ளரை வைத்து எடையைப் பாருங்கள், எண்ணைப் பூஜ்யமாக்குகிற டேர் பட்டனை அழுத்தாமல் சாமானை டம்ளருக்குள் போட்டு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள், சரியாக வரும்.

பெரிய சாமானை வைத்தால் அது திரையை மறைத்துவிடும், சமையலறைத் தராசில் இருக்கிற ஒரே பெரிய அசௌகரியம் இதுதான். ஒரு அகலம் குறைந்த, உயரமான பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டில் வைத்து டேர் அழுத்தி, அதன் மேல் ஸ்லீப்பிங் பேக்கையோ பையையோ உட்கார வையுங்கள், திரை கீழே தெரியும். பாத்திரத்தின் எடையும் தராசின் மொத்த அளவில் சேரும் என்பதால் கனமான குக்கரை எடுக்காதீர்கள். பையை வைக்கும்போது தோள்பட்டையும் இடுப்பு வாரும் தொங்கி மேடையைத் தொடக் கூடாது. ஒரு வார் கல்லில் சாய்ந்திருந்தாலே ஐம்பது நூறு கிராம் காணாமல் போகும். வார்களை உள்ளே மடித்துச் செருகிவிட்டு வையுங்கள். மலை ஏறும்போது ஊன்றுகிற கம்பு மாதிரி நீட்டுச் சாமானுக்கும் இதே கவிழ்த்த பாத்திரம்தான்.

கொக்கித் தராசுக்கும் ஒரு இடம் உண்டு. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ. டேராடூன் போய் இறங்கப் போகிறவருக்கு முழுப் பையையும் தூக்கிப் பார்க்க ஒரு கருவி வேண்டும், பத்து கிலோவுக்கு மேல் சமையலறைத் தராசு தாங்காது. கையால் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கும், எண்ணும் நடுங்கும். ஜன்னல் கம்பியிலோ கதவுச் சட்டத்தில் மாட்டிய புல்-அப் கம்பியிலோ தராசைக் கட்டி, பையின் உச்சியில் இருக்கிற தூக்கு வளையத்தைக் கொக்கியில் மாட்டி ஆட்டம் நிற்கும்வரை விடுங்கள். ஸ்பிரிங்கும் முள்ளும் உள்ள பழைய மாதிரி வேண்டாம், ஸ்பிரிங் நாளாக நாளாக இளகும், பார்க்கிற கோணத்துக்குத் தகுந்த மாதிரி முள்ளும் மாறித் தெரியும். விமானம் இல்லை, ரயிலில்தான் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவே வேண்டாம், வீட்டில் இருக்கிற ஆள் மெஷினில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். அது 100 கிராம் ஏற்றத்தில் காட்டும், மூன்று தடவை ஏறிச் சராசரி எடுத்தால் மொத்த எடைக்குப் போதுமானது.

தராசு வந்தபிறகு செய்ய வேண்டியதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கிற எடையை அப்படியே பட்டியலில் எழுதிவிடுகிறவர்கள் நிறைய. கூடாரத்தில் இரண்டு எடை போடுவார்கள், முளைக்குச்சியும் கயிறும் உறையும் சேராத எடை ஒன்று, எல்லாம் சேர்ந்த எடை ஒன்று, விளம்பரத்தில் பெரிதாக இருப்பது முதலாவது. ஷூவுக்குப் பல கம்பெனிகள் ஒற்றைக் காலின் எடையைத்தான் தருவார்கள், அதுவும் ஏதோ ஒரு நடுத்தர சைஸுக்கு. ஜாக்கெட்டும் அப்படியே. எல்லாவற்றையும் நீங்களே போடுங்கள், காய்ந்த நிலையில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஆரம்பியுங்கள், சட்டென்று பலன் தெரியும்: கடினமான டிரைட்டன் பிளாஸ்டிக்கில் வருகிற ஒரு லிட்டர் நால்ஜீன் பாட்டில் 178 கிராம் போல, கடையில் வாங்குகிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக இருபது முப்பது கிராம். இரண்டு பாட்டிலில் முந்நூறு கிராம் மிச்சம். அக்டோபர் மலையில் ராத்திரி கொதிநீர் ஊற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் ஒன்றை மட்டும் கடினமானதாக வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய பாட்டில் சூட்டில் சுருங்கிவிடும்.

மழை பெய்கிற நாளில் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கூடாரத்தை மொட்டை மாடியில் நனைத்து, நன்றாக உதறி, மடித்து எடை போட்டால் உங்கள் கூடாரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பது தெரிந்துவிடும். கர்நாடகத்தின் குதிரேமுக் மலைப் பக்கம் ஜூலையில் போகிறவர்கள் ரெயின்கோட்டுக்கும் ஷூவுக்கும் இதைச் செய்து வைத்திருப்பது நல்லது, ஈரத்தில் சுமக்கிற எடைதான் அங்கே நிஜ எடை.

ஒரு கிராம் தராசு முழுசாகத் தன் விலையைத் திருப்பித் தருகிற இடம் ட்ரெக் அடுப்பில் மாட்டுகிற கேஸ் டின். 230 கிராம் டின் என்பது உள்ளே இருக்கும் வாயு, உலோக டின் தனியாக 150 கிராம் போல வரும். புது டின்னை எடை போட்டு, அதில் 230 கழித்து, காலி எடையை டின்னின் அடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். பிறகு எப்போது எடை போட்டாலும் மிச்சம் எவ்வளவு என்று தெரியும், பாதி தீர்ந்த டின்னைக் குலுக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், உங்கள் அடுப்பு அரை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு எரிக்கிறது என்பது. 25 டிகிரித் தண்ணீர் அரை லிட்டரைக் கொதிக்க வைக்க சுமார் 150 கிலோஜூல் வேண்டும், ஒரு கிராம் வாயு கிட்டத்தட்ட 46 கிலோஜூல் தரும், ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால் மூன்று கிராம் சொச்சம் போதும். நிஜத்தில் பாதி வெப்பம் பாத்திரத்துக்கு வெளியே போய்விடும், ஆறு ஏழு கிராம் ஆகும், காற்று அடித்தால் இன்னும் மேலே. மொட்டை மாடியில் திறந்த வெளியில் அடுப்பைப் பற்றவைத்து, முன்னும் பின்னும் டின்னை எடை போட்டு, மூடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை பாருங்கள். மூடிய பால்கனியில் செய்யாதீர்கள். விமானத்தில் கேஸ் டின் கொண்டுபோகக் கூடாது, டேராடூனில்தான் வாங்குவீர்கள், அங்கே உங்களிடம் தராசு இருக்காது. அதனால் இங்கேயே அந்தக் கிராம் கணக்கு கையில் இருந்தால், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் கொதிநீர், ஆறு நாள், ஆக நூற்றுப் பத்திலிருந்து நூற்று முப்பது கிராம் வாயு, குளிர்ந்த தண்ணீருக்கும் காற்றுக்கும் கொஞ்சம் கூட்டி ஒரே ஒரு 230 கிராம் டின் என்று தைரியமாகக் கேட்டு வாங்கலாம். பயந்துபோய் இரண்டு டின் வாங்கினால் நானூறு கிராம் வீண் சுமை.

சாப்பாட்டுக்கும் இதே தராசுதான். அவல், உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, கடலை, பேரீச்சை எல்லாவற்றையும் ஒரு நாளுக்கு ஒரு கவர் என்று 600, 700 கிராமுக்குள் பிரித்துக் கட்டிவிடுங்கள். உலர்ந்த மாவுச் சாமான் கிராமுக்கு நாலு கலோரி, நெய் ஒன்பது. ஒரு சின்ன டப்பா நெய்யைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடல் பார்க்கும்போது கண்ணாடித் தட்டும் தொடு பட்டனும் உள்ளதைவிட, அழுத்தினால் டக் என்று உள்ளே போகிற சாதாரண பட்டன் உள்ளதை எடுங்கள், பையை வைக்கிற அவசரத்தில் தொடு பட்டன் தானாக ஆன், ஆஃப் ஆகும், யூனிட் மாறி அவுன்ஸில் நிற்கும். ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரி போடுகிறதாக இருந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதிக எடையை வேகமாகத் தட்டில் போட்டால் அந்த அலுமினியக் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும், பிறகு எந்தக் கேலிபரேஷனும் அதை மீட்காது, அதனால் கனமான சாமானைத் தொப்பென்று வைக்காமல் மெதுவாக இறக்குங்கள். அலமாரியில் தட்டின் மேல் எதையும் அடுக்காதீர்கள், நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். ட்ரெக் போய்விட்டு அடுத்த சீசன் வரை தொடப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்த பேட்டரி ஸ்பிரிங் முனையைப் பச்சையாக அரித்துவிடும்.